அருவி ஸ்டேஜ்

என் மகன் வைத்திருப்பதை ரிமோட் என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வருகிறது. அது கன்ட்ரோலராம். வயர் கிடையாது. முன்னால் இரண்டு குமிழ், பின்னால் விரலுக்கு விரல் பட்டன், போதாததற்கு யாராவது சுட்டால் உள்ளேயிருந்து உறுமுகிறது. ஒருநாள் வாங்கிப் பார்த்தேன். எந்த விரலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நான் விழித்ததைப் பார்த்து, "ம்மா, குடுத்துடு, உடைச்சிடாத" என்று பிடுங்கிக்கொண்டான். திரையில் ஓடியவனின் நெற்றியில் வியர்வை வழிவதுகூடத் தெரிந்தது. அந்த வியர்வையை வரைந்தவருக்கு நல்ல சம்பளம் கொடுத்திருப்பார்கள். எனக்கு என்னவோ ஓடியவன் மேல் ஒட்டுதலே வரவில்லை.

எங்கள் காலத்து வீடியோ கேம் ஆட்களுக்கு முகமே கிடையாது. கால்சட்டைக்கு ஒரு நிறம், தோலுக்கு ஒரு நிறம், தலை இருக்க வேண்டிய இடத்தில் சில புள்ளிகள். நீலக் கால்சட்டைக்காரன் ஒருவன், சிவப்புக் கால்சட்டைக்காரன் ஒருவன், இருவர் கையிலும் துப்பாக்கி. அருவி என்பது நீலத்தின் மேல் வெள்ளைக் கோடுகள் நகர்வது, அவ்வளவுதான். அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டு மாடி வீட்டு அக்கா மே மாதத்து மத்தியானத்தில், "கொஞ்ச நேரம் அருவி ஸ்டேஜ்லயே இருக்கலாம்டி, ஜிலுஜிலுன்னு இருக்கு" என்பாள். எனக்கும் ஜிலுஜிலுவென்றுதான் இருந்தது. மகனிடம் சொன்னால் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்களுக்கு நிலம் இருந்தது. அப்பா அதை மனை மனையாக விற்றுவிட்டு, மிச்சம் வைத்துக்கொண்டதில் நாங்கள் இருக்கக் கீழே ஒரு வீடும் வாடகைக்கு மேலே ஒரு வீடும் கட்டினார். அந்த மேல்வீட்டுக்குத்தான் அக்காவும் அவளுடைய அப்பாவும் குடிவந்தார்கள். நான் அப்போது கல்லூரியில் காலை ஷிப்ட். மத்தியானமே வீடு திரும்பிவிடுவேன். அக்கா சானடோரியம் ஸ்டேஷன் பக்கம் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் கணக்குப் பார்த்தாள். அம்மா இல்லாத வீடு. அண்ணன் மஸ்கட்டில். நான் அங்கிள் என்று கூப்பிட்ட அவள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, பேச்சு பாதிக்காமல் தப்பித்து, கால் ஓரளவு தேறி, இடது கை மட்டும் சொன்னபடி கேட்காமல் போயிருந்தது. அண்ணன்காரன் வரவில்லை. யாரிடமோ ஒரு வீடியோ கேம் பெட்டியும் பாதாம் பருப்பும் கொடுத்தனுப்பினான். அதோடு அவன் கடமை முடிந்தது.

கைக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, பிசைந்துகொண்டே இருக்கச் சொல்லியிருந்தார். அங்கிள் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஆட்களை அதட்டி வேலை வாங்கியவர். பந்து பிசைவது அவருக்கு அவமானமாக இருந்தது. வலது கையால் எடுத்து பால்கனி வழியாக வீசிவிடுவார். கீழேயிருந்து என் அம்மா குரல் கொடுப்பாள்.

"சார், உங்க பந்து தென்ன மரத்தாண்ட கீது. எடுத்தாரட்டா, நாளைக்கு வீசறதுக்கு?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா அந்தப் பெட்டியை டிவியோடு இணைத்து, இரண்டாவது ரிமோட்டை அவர் மடியில் வைத்தாள். பழைய ரிமோட் வெறும் செவ்வகம். இடப்பக்கம் நாலு திசைக்குமாக ஒரு ப்ளஸ் பட்டன், வலப்பக்கம் குதிக்க ஒன்று, சுட ஒன்று. ஆளை நடத்த வேண்டியது இடது கட்டைவிரல். மரத்துப்போன அந்த விரலை அக்கா தூக்கி ப்ளஸ்மேல் வைத்து அழுத்தினாள். சிவப்புக் கால்சட்டைக்காரன் கொஞ்சம் நகர்ந்தான். அங்கிள் திரையைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். அதற்குப் பிறகு பந்து தென்னை மரத்தடியிலேயே கிடந்தது.

அக்காவுக்கு அந்த ரிமோட்டைப் பற்றி உறுதியான கருத்துகள் உண்டு. அதன் முனைகள் உள்ளங்கையில் குத்தும்; ஆடி முடித்தால் தோல் சிவந்திருக்கும். குத்த வேண்டும் என்பாள். குத்தினால்தான் அப்பாவுக்குத் தனக்கு அங்கே ஒரு கை இருப்பது தெரிகிறது என்பாள். வயர் நீளம் போதாது என்று நான் புலம்புவேன். டிவிக்கு மூன்றடி தள்ளித் தரையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். அதுவும் நல்லதுதான் என்பாள். பட்டனை ஒருமுறை அழுத்தினால் தானே சுட்டுக்கொண்டே இருக்கும் டர்போ பட்டனை மட்டும் அவளுக்குப் பிடிக்காது. அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருந்தாள்.

பிறகு ஒரு லீவில் அண்ணன் வந்தபோது புதுப் பெட்டி ஒன்று கொண்டுவந்தான். கையில் கச்சிதமாக உட்காரும் வளைந்த ரிமோட், சுழலும் குமிழ்கள். ஆட்கள் பொம்மை மாதிரி முப்பரிமாணத்தோடு திரும்பினார்கள், மூக்குகூட இருந்தது. இரண்டு பேர் ஆடினால் டிவி நடுவில் கோடு போட்டுப் பிரிந்துகொண்டது. மேல் பாதி ஒருவருக்கு, கீழ்ப் பாதி மற்றவருக்கு. நான் வாயைப் பிளந்து பார்த்தேன். அண்ணன் விமானம் ஏறியதும் அக்கா அதை அட்டைப் பெட்டியில் போட்டு பரணில் ஏற்றிவிட்டாள். எனக்குக் கோபமான கோபம். ஏன் என்று கேட்டேன்.

"ஒரே வீட்டுல ரெண்டு சமையல் மாதிரி இருக்குடி. அதுல அப்பாவை விட்டுட்டு நான் பாட்டுக்குப் போகலாம். எனக்கு அது வேண்டாம்" என்றாள்.

இது புரிய வேண்டுமென்றால் அருவி ஸ்டேஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்ற ஸ்டேஜெல்லாம் இடமிருந்து வலம் ஓடுவது. இதில் மட்டும் பாறைக்குப் பாறை தாவி மேலே ஏற வேண்டும். அந்தக் காலத்துப் பெட்டிக்கு இரண்டு பேருக்கு இரண்டு படம் காட்டத் தெம்பு கிடையாது. இருவருக்கும் சேர்த்து ஒரே படம், அது யார் உயரத்தில் இருக்கிறாரோ அவரோடு மேலே போகும். கீழே தங்கியவர் படத்தின் விளிம்புக்கு வெளியே போய்விட்டால் செத்தார். குண்டு பட வேண்டியதில்லை, விழ வேண்டியதில்லை. கூட வந்தவர் அவசரப்பட்டாலே போதும். எங்கள் தெருவில் அருவி ஸ்டேஜால் பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பிகள் உண்டு.

அக்கா அதில் யாரையும் கொன்றதில்லை. ஒரு பாறை ஏறுவாள், நிற்பாள். அங்கிளின் கட்டைவிரல் நகர்ந்து, திசை பிடித்து, வலது விரல் குதிக்கும் பட்டனைத் தேடி அழுத்தி, அவர் தாவித் தவறி, மறுபடி தாவி வந்து சேரும்வரை நிற்பாள். மேலேயிருந்து உருண்டு வரும் கல்லைச் சுட்டுக்கொண்டே நிற்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பறப்பேன். "இரு, வரட்டும்" என்பாள்.

அந்த "இரு, வரட்டும்" அவளுக்கு ஆட்டத்தில் மட்டும் இருந்ததில்லை. காலனிப் பெண்களெல்லாம் சேர்ந்து ஒரு கிருத்திகைக்குக் குன்றத்தூர் போனோம். மலைப்படியில் பாதியில் ஒரு மாமிக்கு மூச்சு வாங்கியது. எல்லோரும் "மெதுவா வாங்க மாமி" என்று அன்பாகச் சொல்லிவிட்டு மேலே போய்விட்டோம். அபிஷேகம் பார்த்து, பிரசாதம் வாங்கி, புகைப்படமும் எடுத்து இறங்கும்போது, அக்கா அந்த மாமியோடு பாதிப் படியில் உட்கார்ந்து நெல்லிக்காய் தின்றுகொண்டிருந்தாள். முருகனைப் பார்க்கவே இல்லையே என்றால், அவர் எங்கே போய்விடப் போகிறார் என்றாள். கம்பெனியில் அவளுக்குப் பின்னால் வந்து சேர்ந்தவர்கள் மேலே போய்விட்டார்கள். அவள் அவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்துவிட்டு அதே நாற்காலியில் இருந்தாள். இதையெல்லாம் பார்க்கும்போது எனக்கு ஒரு பக்கம் அவள்மேல் பிரியமாகவும் இன்னொரு பக்கம் எரிச்சலாகவும் இருக்கும். இப்போதும் அந்த எரிச்சல் போகவில்லை.

அவளுக்கு முப்பது நெருங்கியபோது அவளுடைய அத்தை மாம்பலத்திலிருந்து வந்து உட்கார்ந்துகொண்டு வரன் பார்க்க ஆரம்பித்தார். அக்கா மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு ஏற்பாடு செய்தாள். மாப்பிள்ளை வீட்டார் வந்து, சொஜ்ஜி பஜ்ஜி ஆகி, பேச்சு ஓய்ந்து எல்லோரும் மின்விசிறியைப் பார்க்கும் நேரத்தில், "அப்பாவுக்கு வீடியோ கேம்னா உயிர். அவர்கூட ஒரு ஆட்டம் ஆடறீங்களா?" என்று முதல் ரிமோட்டை மாப்பிள்ளை கையில் கொடுப்பாள். கேம் கேசட்டில் ஸ்டேஜைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. நேராக அருவியில் போய் நிறுத்துவாள்.

நங்கநல்லூரிலிருந்து வந்த வங்கி மாப்பிள்ளை சின்ன வயதில் ஆடியவர் போலிருக்கிறது. ரிமோட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சரசரவென்று ஏறினார். அங்கிள் இரண்டாவது பாறைக்கு வருவதற்குள் படம் மேலே போய்விட்டது. மறுபடி பிறந்து வந்தார், மறுபடி படம் போய்விட்டது. லைஃப் எல்லாம் தீர்ந்தபின் அங்கிள் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு அவர் ஏறுவதைப் பார்த்தார். உச்சிக்குப் போனதும் மாப்பிள்ளை, "முடிச்சிட்டேன் அங்கிள்" என்று சந்தோஷமாகத் திரும்பினார். நல்ல மனுஷர்தான், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அக்கா மறுநாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

பல்லாவரத்துக்காரர், இது குழந்தைகள் சமாச்சாரம் என்று தொடவே இல்லை. இன்னொருவர் ஆடியபடியே, அங்கிளுக்கு இந்த வியாதி பரம்பரையாக வருவதா என்று விசாரித்தார். எல்லோருக்கும் அக்காவின் பதில் வேண்டாம்தான். நான் மாடியிலிருந்து தட்டுகளைக் கீழே கொண்டுவந்தபோது அம்மா கேட்டாள்.

"இன்னாடி இது, மாப்ள பாக்கறாங்களா, வெரட்றாங்களா?"

அம்மா கேட்டதுதான் சரி. அந்தச் சோதனையில் ஜெயிக்க யாராலும் முடியாது. புது வீட்டில், புதுச் சட்டையில், பெண்ணின் அப்பாவுக்கு முன்னால் திறமையைக் காட்டத் துடிக்கிற ஆண்பிள்ளை எவன் பாதி அருவியில் சும்மா நிற்பான்? எனக்குப் புரிந்தது அங்கிளுக்குப் புரியாமல் இருக்குமா? ஒரு மத்தியானம் அக்கா வேலைக்குப் போயிருந்தபோது என்னை மேலே கூப்பிட்டார்.

"பாப்பா, எனக்கு ஒரு உதவி பண்ணணும். நீ முதல் ரிமோட்டை எடு. அருவி ஏறு. எனக்காக நிக்காத."

"அங்கிள், அக்காவுக்குத் தெரிஞ்சா என்னைத் திட்டுவாங்க."

"தெரிய வேண்டாம். என்னாலதான் அவ நின்னுட்டிருக்கா. நான் வேகமா ஏறக் கத்துக்கிட்டா, வர்றவன் யாரா இருந்தாலும் நான் விழமாட்டேன். விழலேன்னா அவளுக்கு வேண்டாம்னு சொல்ல ஒண்ணும் இருக்காது."

அப்படித்தான் ஆரம்பித்தது. நான் ஏறுவேன், அவர் விழுவார். தொழிற்சாலையில் யாரையோ அதட்டுவதுபோல் தன் கட்டைவிரலை அதட்டுவார். பந்தைப் பிசைய மறுத்த கை அது. ப்ளஸ் பட்டனின் விளிம்பு பட்டுப் பட்டுக் கட்டைவிரலில் தோல் உரிந்தது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். நான் பரிதாபப்பட்டுக் கொஞ்சம் தாமதித்தால் கண்டுபிடித்துவிடுவார், அதற்கும் திட்டு. மழைக்காலம் முழுக்க மத்தியானங்களில் இதுதான் நடந்தது. சாயங்காலம் அக்கா வந்து ஆடும்போது பழைய மாதிரியே தடுமாறுவதாக நடிப்பார். அவளும் பழைய மாதிரியே நிற்பாள். இருவரையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது எனக்குச் சங்கடமாக இருந்தது. மார்கழி பிறப்பதற்குள் ஒருநாள் நான் எவ்வளவு வேகமாக ஏறியும் சிவப்புக் கால்சட்டைக்காரன் என் கூடவே உச்சிக்கு வந்து நின்றான். அங்கிள் அழுதார். மூக்கைச் சிந்திக்கொண்டு, வெளியே சொல்லாதே என்றார்.

அடுத்து வந்த மாப்பிள்ளை சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினீயர். லட்சணமானவர், கலகலப்பானவர். ரிமோட்டைக் கொடுத்ததும் சிரித்துக்கொண்டே வாங்கி ஏற ஆரம்பித்தார். அங்கிளும் ஏறினார். ஒரு பாறைகூடப் பிந்தவில்லை. இருவரும் சேர்ந்து உச்சிக்குப் போனதும் அத்தை கை தட்டிவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா, சம்பந்தி இவ்வளவு சுறுசுறுப்பா என்று ஆச்சரியப்பட்டார். அக்கா காபித் தட்டோடு நின்றிருந்தாள். அவள் டிவியைப் பார்க்கவே இல்லை, அப்பாவின் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் திருப்தியாகக் கிளம்பிப் போனார்கள். அத்தை வழியனுப்பக் கீழே இறங்கினார். நான் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா அப்பாவின் எதிரில் உட்கார்ந்து அந்தக் கட்டைவிரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். காய்த்துப் போயிருந்தது.

"எப்பலேர்ந்துப்பா?"

"கொஞ்ச நாளா. மத்தியானத்துல." என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "நான் ஒரு தடவைகூட விழல, பாத்தியா?"

"நீங்க விழல. ஆனா அவர் உங்களைத் திரும்பியே பாக்கல."

"பாக்க வேண்டாம்மா. என்னை யாரும் பாத்துக்கிட்டே நிக்க வேண்டாம். அவரும் வேண்டாம், நீயும் வேண்டாம்." அங்கிளின் குரல் உயர்ந்தது. "வந்தவங்களையெல்லாம் அருவி ஏத்திப் பாத்தியே, நீ ஒரு தடவையாவது நிக்காம ஏறியிருக்கியா? எனக்குக் கை போனதைவிட நீ என்னால நிக்கறதுதான் பெரிய தண்டனையா இருக்கு."

அக்கா பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து முதல் ரிமோட்டை எடுத்தாள். அங்கிள் இரண்டாவதை எடுத்தார். அருவி வந்தது. முதல் பாறை ஏறினாள், பழக்கத்தில் நின்றாள். "நிக்காத" என்றார். ஏறினாள். இரண்டாவது, மூன்றாவது. அவரும் விடாமல் வந்தார். அன்றைக்கு ஏற்கெனவே ஓர் ஆட்டம் ஆடிக் களைத்த விரல். பாதிக்கு மேல் அது சண்டித்தனம் செய்தது. அவர் ஒரு தாவல் தவறவிட்டார். அக்காவின் கை அப்படியே நின்றது. அவர் முழங்கையால் அவள் தோளில் இடித்து, "போ" என்றார். அவள் தாவினாள். படம் மேலே நகர்ந்தது. சிவப்புக் கால்சட்டைக்காரன் விளிம்புக்கு வெளியே போனான்.

அந்த வீட்டில் அவள் தன் அப்பாவை விட்டுவிட்டு ஏறியதை நான் அன்றுதான் பார்த்தேன். அவர் திரும்பி வந்தார், திரும்ப விழுந்தார். அவள் கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. எதிரில் பாறை தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம். ஆனாலும் ஏறினாள். அங்கிள் லைஃப் எல்லாம் தீர்ந்த ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்படித்தான், அப்படித்தான்" என்று சிரித்தார். அவர் அப்படிச் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. டம்ளர்களை அப்படியே வைத்துவிட்டு நானும் அழுதேன், எதற்கென்று தெரியாமல்.

சிங்கப்பெருமாள் கோவில் மாப்பிள்ளைக்கு அவள் வேண்டாம் என்றே சொல்லியனுப்பினாள். பிறகு அவளுக்கு அமைந்தவர் கூடுவாஞ்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவர் கையில் யாரும் ரிமோட் கொடுக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு மாதத்தில் பாதி நாள் அப்பாவோடு இருப்பேன் என்று அக்கா அவரிடம் நேராகவே சொன்னாள், அவரும் சரி என்றார். அங்கிள்தான் அந்தப் பாதி நாளிலும் அவளை விரட்டிக்கொண்டே இருந்தார். இதெல்லாம் பின்னால் நடந்தவை.

அன்றைக்கு அவள் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தாள். நீலக் கால்சட்டைக்காரன் மட்டும் தனியாக அங்கே நின்றான். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டிவியைப் பார்த்தபடியே பேசினாள்.

"விழுந்துட்டீங்களேப்பா."

"விழுந்தா விழறேன். நீ மேல போய்ட்டியா, அதைச் சொல்லு."

"போய்ட்டேன்பா" என்றாள்.